சோயா அசுவினி: 250 என்ற கணக்கும் அதற்குப் பின்னால் இருப்பதும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் தெற்கில் பயிர்க் கண்காணிப்பு என்பது விவசாயி காசு கொடுத்துப் பெறும் ஒரு சேவை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, விதைப்பு முடிந்ததிலிருந்து அறுவடை நெருங்கும் வரை வயலுக்குள் நடந்து, களை, நோய், பூச்சி ஆகியவற்றில் எது எந்த அளவில் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க ஆள் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி நடப்பவர்களில் நானும் உண்டு. டிரோனும் செயற்கைக்கோள் படமும் வந்துவிட்ட காலத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்காச்சோளமும் சோயாவும் நிற்கும் ஒரு நாட்டில், குனிந்து இலையைத் திருப்பிப் பூச்சியை எண்ணுவதற்கு ஒருவருக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் ஊரில் இருப்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் என் வேலையில் பெரும்பகுதி அதுதான். எண்ணப்படுவது சோயா அசுவினி என்னும், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. அதை எப்படி எண்ணுகிறோம், செடிக்கு 250 என்ற எண்ணிக்கையில் ஏன் மருந்து தெளிக்கச் சொல்கிறோம், அதற்கு முன்பு ஏன் சொல்ல மறுக்கிறோம் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நம் ஊரில் அவரைக் கொழுந்திலும் தட்டைப்பயற்றின் காம்பிலும் கறுப்பாக அப்பிக் கிடக்கும் அசுவினியைப் பார்த்தவர்களுக்கு இதை அடையாளம் காண்பதில் சிரமம் இராது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இதன் நிறம் மட்டும் வெளிர் மஞ்சள் கலந்த பச்சை. நீளம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். உடலின் பின்பகுதியில் கறுப்பாக இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சோயாவைப் போலவே இதற்கும் கிழக்கு ஆசியாதான் தாயகம். சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் பன்னெடுங்காலமாகச் சோயாவோடு வாழ்ந்த இந்தப் பூச்சி, வட அமெரிக்காவில் முதன்முதலாக 2000 ஜூலையில் விஸ்கான்சின் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பு அமெரிக்காவின் வடமத்திய மாநிலங்களில் சோயாவுக்குப் பூச்சிமருந்து தெளிப்பது என்பதே அரிது. களைக்கொல்லி மட்டும் தெளித்துவிட்டு அறுவடைக்குக் காத்திருந்த பயிர் அது. சில ஆண்டுகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவிலும் அசுவினி பரவியது. 2003இல் ஏற்பட்ட பெருந்தாக்குதலுக்குப் பிறகு, சோயா விவசாயிகள் பூச்சிமருந்து விலையை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

இந்தப் பூச்சி இங்கே நிலைத்ததற்கு ஒரு காரணம் வேலிச் செடி. குளிர்காலத்தில் அசுவினி சோயாவில் இருக்க முடியாது, ஏனென்றால் வயலில் சோயாவே இராது. இலையுதிர்காலத்தில் அது பக்தார்ன் என்னும் முட்புதருக்குப் பறந்து சென்று, அதன் மொட்டுகளை ஒட்டி முட்டையிடுகிறது. அந்த முட்டை பூஜ்யத்துக்குக் கீழே 34 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரைத் தாங்கும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். மினசோட்டாவின் பெரும்பாலான குளிர்காலங்களைக் கடந்துவிட அது போதும். பக்தார்ன் இந்த மண்ணுக்கு உரியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவரப்பட்டுப் பிறகு காடுகளுக்குள் பரவியது. 1930களிலேயே நாற்றங்கால்காரர்கள் இதை விற்பதை நிறுத்திவிட்டார்கள் என்றாலும், பறவைகள் தின்று விதை பரப்புவதை யாரும் நிறுத்த முடியவில்லை. ஆசியாவிலிருந்து வந்த பயிர், ஐரோப்பாவிலிருந்து வந்த புதர், இரண்டுக்கும் இடையே போய்வரும் ஆசியப் பூச்சி என்று மூன்றும் அமெரிக்காவின் நடுப்பகுதியில் சந்தித்துக்கொண்டன. பனியுகத்தில் பனியாறுகள் மூடியிருந்த இந்நிலப்பகுதியில் மண்புழுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான் என்பதும், பக்தார்னும் அந்த மண்புழுவும் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதாக இங்குள்ள ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்பதும் மண்புழுவை உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்த எனக்கு இன்னும் சீரணமாகாத செய்தி.

வசந்தத்தில் பக்தார்ன் துளிர்க்கும்போது முட்டை பொரிகிறது. அந்தப் புதரிலேயே இரண்டு மூன்று தலைமுறைகள் கழிந்த பிறகு, இறக்கையுள்ளவை தோன்றி, மே இறுதியிலிருந்து ஜூனுக்குள் இளம் சோயாவைத் தேடிப் போகின்றன. அதன் பிறகு கோடை முழுவதும் ஆண் என்பதே இல்லை. எல்லாம் பெண், எல்லாம் முட்டையிடாமல் நேரடியாகக் குஞ்சு ஈனுபவை. பிறக்கும் குஞ்சின் வயிற்றில் அடுத்த தலைமுறை ஏற்கெனவே வளரத் தொடங்கியிருக்கும். ஒரு பருவத்தில் சோயாவின் மேல் மட்டும் பதினைந்து தலைமுறைகள் வரை உருவாகக்கூடும். 25 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை இதற்கு மிக உகந்தது. அந்த நிலையில், எதிரிகள் இல்லாத ஆய்வகத்தில், எண்ணிக்கை ஒன்றரை நாளில் இரட்டிப்பாகிறது. வயலில் அப்படி நடப்பதில்லை. மழையும் எதிரிப் பூச்சிகளும் உள்ள வயலில் சராசரியாக ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஒருமுறைதான் இரட்டிக்கிறது. 35 டிகிரியில் குஞ்சுகள் முழு வளர்ச்சி அடைவதே இல்லை. எனவே வெயில் கடுமையாக இருக்கும் கோடை எங்களுக்கு ஒருவகையில் ஓய்வு. மிதமான, மப்பும் மந்தாரமுமான ஜூலை வந்தால்தான் கவலை.

அசுவினி இலையைக் கடித்துத் தின்பதில்லை, சாற்றை உறிஞ்சுகிறது. அதனால் சேதம் கண்ணுக்குத் தெரியும் முன்பே நடந்துவிடுகிறது. காய்கள் குறைகின்றன, விதை சிறுக்கிறது, கடுமையாகத் தாக்கப்பட்ட வயல்களில் விளைச்சலில் 40 சதவீதம் வரை போயிருக்கிறது. கழிவாக வெளியேறும் தேன் போன்ற பிசுபிசுப்பு கீழிலைகளில் படிந்து, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தாலே வயல் அழுக்காகத் தெரியும். அந்த அழுக்கு தெரிகிறபோது விவசாயிக்குப் பதற்றம் வருவது இயல்புதான், ஆனால் அந்த நேரத்தில் எண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை. எண்ணியிருக்க வேண்டிய வாரங்கள் கடந்துவிட்டன.

சேதத்தை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அலகு அசுவினி-நாள். ஒரு செடியில் ஓர் அசுவினி ஒரு நாள் இருந்தால் அது ஓர் அசுவினி-நாள். நூறு அசுவினி பத்து நாள் இருந்தால் ஆயிரம். ஒரு செடியின் மேல் இப்படி 10,000 அசுவினி-நாள் சேர்ந்தால் விளைச்சலில் சுமார் 7 சதவீதம் குறைகிறது என்று, ஆறு மாநிலங்களில் மூன்று ஆண்டுகள் நடந்த 19 வயற்சோதனைகளின் அடிப்படையில் 2007இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ராக்ஸ்டேல் தலைமையில், பல மாநிலப் பல்கலைக்கழகங்களின் பூச்சியியலாளர்கள் சேர்ந்து செய்த வேலை அது. அதிலிருந்துதான் 250 என்ற எண்ணிக்கை உறுதிப்பட்டது.

இந்த 250ஐத்தான் நான் சந்திக்கும் விவசாயிகளில் பலரும், வேளாண் இடுபொருள் விற்பவர்களில் சிலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு செடிக்கு 250 அசுவினி என்பது சேதம் தொடங்கும் எண்ணிக்கை அல்ல. தெளிப்புக்கு ஆகும் செலவும், தெளிக்காமல் விட்டால் வரும் நட்டமும் சமமாகும் எண்ணிக்கை, அந்தக் கணக்குப்படி, செடிக்குச் சராசரியாக 674. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும் வயலில் 250லிருந்து அந்த நிலையை அடைய ஒரு வாரமாவது ஆகும். மருந்து வாங்கவும், தெளிப்பானுக்கோ விமானத்துக்கோ சொல்லி வைக்கவும், மழை நின்று காற்று அடங்கவும் அந்த ஒரு வாரம் தேவைப்படுகிறது. ஆகவே 250 என்பது ஒரு கெடு. அந்தக் கெடுவையே நடந்துவிட்ட சேதமாக எடுத்துக்கொண்டு, பயத்தில் அதையும் பாதிக்கு மேல் குறைத்து 100 வந்தவுடனேயே தெளித்துவிட்டால், பாதுகாப்புக்கு மேல் பாதுகாப்பு என்று பணத்தை வயலில் ஊற்றுவதாகிறது. 100 அசுவினி உள்ள செடிக்கும் ஒன்றுமே இல்லாத செடிக்கும் விளைச்சலில் அளக்கக்கூடிய வேறுபாடு இல்லை.

கெடு என்பதால்தான் அதற்கு இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து வருகின்றன. வயலில் பத்துக்கு எட்டுச் செடிகளிலாவது அசுவினி இருக்க வேண்டும். எண்ணிக்கை ஏறுமுகத்திலும் இருக்க வேண்டும். ஏறுமுகமா என்பது ஒருமுறை பார்த்தால் தெரியாது. போன வாரம் எவ்வளவு என்பது எழுதப்பட்டிருந்தால்தான் இந்த வாரத்தின் எண்ணுக்குப் பொருள் உண்டு. 300 இருந்த வயல் அடுத்த வாரம் 180 ஆனதையும், 60 இருந்த வயல் 240 ஆனதையும் நான் அருகருகே பார்த்திருக்கிறேன். இரண்டாவது வயலில் தெளிப்பானுக்குச் சொல்லி வைக்கவும், முதல் வயலைத் தொடாமல் விடவும் சொன்னேன். வயலின் சொந்தக்காரர் இருவருமே முதலில் அதை ஏற்கவில்லை.

இனி எண்ணும் முறை. வாகனம் நிறுத்திய இடத்தின் ஓரத்திலேயே நான்கு செடியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது கண்காணிப்பு அல்ல. வரப்போர மரங்களுக்கு அருகில், குறிப்பாகப் பக்தார்ன் உள்ள தோப்புகளை ஒட்டி, பருவத் தொடக்கத்தில் அசுவினி திரளாக இருக்கும். அதை வைத்து முழு வயலையும் மதிப்பிட்டால் கணக்கு பிழையாகும். வயலின் குறுக்கே வளைந்து வளைந்து நடந்து, இருபது முப்பது செடிகளை, முன்கூட்டியே கண்ணால் தேர்ந்தெடுக்காமல், கால் நின்ற இடத்தில் கைக்கு வருவதை எடுத்துப் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்காமல் எடுப்பது சொல்வதற்கு எளிது. மனிதக் கண் வாடிய செடியையோ, சுருண்ட இலையையோ தேடித்தான் போகும். எனவே நான் எதிரே உள்ள தூரத்து மின்கம்பத்தைப் பார்த்தபடி நடந்து, நின்று, கீழே பார்க்காமல் கையை நீட்டுகிறேன்.

செடி சிறிதாக இருக்கும்போது அசுவினி கொழுந்திலும் விரியாத இலைகளிலும் கூட்டமாக இருக்கும், எண்ணுவது சுலபம். பூத்த பிறகு அவை செடியின் நடுப்பகுதிக்கும் கீழிலைகளுக்கும் பரவிவிடும். அப்போது மேல் இலைகளை மட்டும் புரட்டிப் பார்ப்பவர் வயல் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். வெயிற்காலத்தின் நடுவில் கீழிலைகளில் இருப்பவை வழக்கத்தைவிடச் சிறியவையாக, வெளிறி, ஏறக்குறைய வெண்மையாக இருக்கும். அவற்றை உரிந்த தோல் என்று கருதித் தவறவிடுவது மிக எளிது. அதேபோல் உரிந்த தோலை உயிருள்ளது என்று எண்ணிக் கணக்கைக் கூட்டிவிடுவதும் நடக்கும். கையடக்க உருப்பெருக்கி இல்லாமல் போகக் கூடாது. எறும்புகள் தண்டில் மேலும் கீழும் போனாலோ, பொறிவண்டுகள் ஓரிடத்தில் அதிகம் தென்பட்டாலோ, அந்தச் செடியை வேரோடு பிடுங்கி இலை இலையாகப் பார்ப்பது என் வழக்கம், ஆனால் அதைச் சராசரியில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அது தேடி எடுத்த செடி.

முழுச் செடியையும் எண்ண நேரம் ஆகும் என்பதால் விரைவுக் கண்காணிப்பு முறை ஒன்றை மினசோட்டாவில் உருவாக்கினார்கள். இதில் 250 வரை எண்ண வேண்டியதில்லை. ஒரு செடியில் 40 அசுவினியாவது இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடலாம். முதலில் 11 செடிகள். அவற்றில் 40ஐ எட்டியவை 6 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் தெளிப்பு வேண்டாம், ஒரு வாரம் பத்து நாளில் திரும்ப வந்து பார்க்கலாம். 7 முதல் 10 வரை என்றால் இன்னும் 5 செடிகளைப் பார்க்க வேண்டும், முடிவு தெளிவாகாவிட்டால் இப்படியே 31 செடிகள் வரை போகலாம். பதினொன்றும் எட்டியிருந்தால் தெளிப்புப் பக்கம் முடிவு சாய்கிறது, ஆனால் அப்போதும் மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. எனக்கு இந்த முறையில் ஒரே ஒரு குறை. இது கொஞ்சம் பயந்த சுபாவம் உடையது. முழு எண்ணிக்கை தெளிக்க வேண்டாம் என்று சொல்லும் வயலில் சில நேரம் தெளிக்கச் சொல்லிவிடும். எனவே வயல் பெரிதாக இருந்து, முடிவு விளிம்பில் நின்றால், நான் முழுதாகவே எண்ணுகிறேன். 40 எப்படி இருக்கும், 250 எப்படி இருக்கும் என்பது எண்ணி எண்ணிக் கண்ணில் பதிந்துவிட்டால், வேகம் தானாக வருகிறது.

எதிரிப் பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் காத்திருப்புக்கு நியாயம் கிடையாது. ஓரியஸ் என்னும் மிகச் சிறிய நாவாய்ப்பூச்சி, அசுவினி வயலில் கால்வைத்த ஜூன் மாதத்திலேயே அதைத் தின்னத் தொடங்கிவிடுகிறது. அதைத் தொடர்ந்து பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிர்ஃபிட் ஈயின் புழு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. அவற்றுள் அஃபெலினஸ் செர்டஸ் என்பதும் ஆசியாவைச் சேர்ந்ததே, யாரும் கொண்டுவந்து விடாமல் தானாக வந்து சேர்ந்தது. இது தாக்கிய அசுவினி கறுத்து, உலர்ந்த கூடாக இலையில் ஒட்டியிருக்கும். அதே ஆசியாவிலிருந்து ஆய்வாளர்கள் தேடிப்பிடித்து, அனுமதி பெற்று, 2007இல் முறைப்படி விடுவித்த இன்னொரு குளவி இங்கே நிலைக்கவில்லை. ஆகஸ்டில் செடி அடர்ந்து ஈரம் தங்கும்போது பூசண நோய் பரவி, ஒரு வாரத்துக்குள் வயலில் அசுவினியைத் துடைத்துவிடுவதும் உண்டு. அயோவா, மிச்சிகன், மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய நான்கு மாநிலங்களில் மட்டும் இந்த எதிரிகள் ஆண்டுக்குக் குறைந்தது 23.9 கோடி டாலர் மதிப்புள்ள வேலையைச் செய்கின்றன என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மக்காச்சோளப் பரப்பு கூடக்கூட அந்தச் சேவை குறைகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. வண்டும் குளவியும் தங்குவதற்கு வயலைத் தவிர வேறு செடிகொடிகளும் வேண்டுமல்லவா. பொறிவண்டுகளில் முதன்மையான பல்வண்ண ஆசியப் பொறிவண்டு அக்டோபரில் குளிருக்கு ஒதுங்க வீடுகளின் சன்னல் இடுக்குகள் வழியே நூற்றுக்கணக்கில் உள்ளே வந்து, கெட்ட வாடையும் வீசும். அதைத் துடைப்பத்தால் திட்டிக்கொண்டே பெருக்குகிற குடும்பத்தார், ஆகஸ்டில் தங்கள் வயலைக் காத்தது அதுதான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

இதனால்தான் முன்னெச்சரிக்கைத் தெளிப்பை நான் எதிர்க்கிறேன். ஜூலையில் களைக்கொல்லியோ பூசணக்கொல்லியோ தெளிக்க எப்படியும் வண்டி வயலில் இறங்குகிறது, அதே டாங்கில் ஒரு மலிவான பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தையும் கலந்துவிட்டால் தனிச்செலவு இல்லை என்பது பரவலான வாதம். மருந்தின் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் வயலில் அசுவினி பெரும்பாலும் சொற்பம், எதிரிப் பூச்சிகள்தான் அதிகம். தெளித்த பிறகு மீண்டும் பறந்து வரும் அசுவினிக்கு எதிரியில்லாத வயல் கிடைக்கிறது, அதுவே சில வாரங்களில் 250ஐத் தாண்டி இரண்டாவது தெளிப்பையும் கேட்கிறது. வறட்சி ஆண்டாக இருந்தால் இன்னும் மோசம்: சில பைரித்ராய்டுகள் சிலந்திப்பேனின் எதிரிகளைக் கொன்று பேனை விட்டுவிடுவதால், அசுவினிக்கு அடித்த மருந்து சிலந்திப்பேனை வளர்த்து, வரப்போரத்திலிருந்து இலைகள் வெண்கல நிறமாகக் காய்ந்துகொண்டே வரும். மேலும், நாள்காட்டியைப் பார்த்துத் தெளிப்பதைவிட எண்ணிப் பார்த்துத் தெளிப்பதே போட்ட செலவைத் திரும்பப் பெறும் வாய்ப்பை அதிகமாகத் தருகிறது என்பது பல மாநிலங்களில் பலமுறை காட்டப்பட்டுவிட்டது.

விதை நேர்த்தி பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். தயாமீத்தாக்சம், இமிடாக்ளோபிரிட் போன்ற நியோநிகோடினாய்டு மருந்து பூசிய சோயா விதை இங்கே பரவலாக விற்கிறது. விதைத்து ஐந்தாறு வாரங்கள் போனால் செடியில் அந்த மருந்தின் வீரியம் தீர்ந்துவிடும். மே மாதம் விதைத்த செடியில் ஜூன் முடியும்போது மருந்து இல்லை. அசுவினி பெருகுவதோ ஜூலை பின்பாதியிலும் ஆகஸ்டிலும். காலம் பொருந்தவே இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2014இல் தன் மதிப்பீட்டில், சோயாவில் இந்த விதை நேர்த்தியால் பெரும்பாலான சூழல்களில் பயன் மிகக் குறைவு அல்லது இல்லை என்று எழுதியது. பசுந்தாளை உரமாகப் புதிதாக உழுது போட்ட வயல், விதைப்புழு தாக்கும் வயல் போன்ற சில இடங்களில் அதற்கு இடம் இருக்கலாம். அசுவினிக்காக என்று யாராவது விற்றால் நான் வேண்டாம் என்பேன்.

சோயா விலை ஏறும் ஆண்டுகளில் வேறொரு வாதம் வருகிறது. புஷல் என்னும் தானிய அளவைக்கு 6 டாலர் விற்றபோது சொன்ன 250, 13 டாலர் விற்கும்போது எப்படிப் பொருந்தும், பாதியாகக் குறைக்க வேண்டாமா என்கிறார்கள். கேள்வியில் தர்க்கம் இருக்கிறது. விலை ஏறினால் செலவுக்குச் சமமான நட்டம் குறைந்த எண்ணிக்கையிலேயே வந்துவிடும் என்பது கணக்குப்படி சரி. ஆனால் பயிர் பொறுத்துக்கொள்ளும் அளவு சந்தை விலையைப் பார்த்து மாறுவதில்லை. சில நூறு அசுவினிக்குக் கீழே செடியில் இழப்பே அளக்க முடியாதபோது, இல்லாத இழப்பை என்ன விலையால் பெருக்கினாலும் வருவது பூஜ்யம்தான். கெடு ஒரு வாரத்துக்கு இருக்கிறது என்பதால், விலை ஏறிய ஆண்டிலும் 250 தாங்கும் என்பது மினசோட்டா பல்கலைக்கழக விரிவாக்கத் துறையினரின் நிலை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சாம்பல் சத்துக் குறைந்து இலை விளிம்பு மஞ்சளித்த வயல்களில் அசுவினி கூடுதலாகப் பெருகும் என்பது தெரிந்ததே. விலை ஏறிய ஆண்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டுமானால் அந்த வயல்களை முதலில் போய்ப் பார்ப்பதுதான் பயன்தரும்.

250 கடந்துவிட்டது, ஏறுமுகம்தான், தெளித்தாக வேண்டும் என்ற நிலை வரும்போது கேள்வி மருந்தைப் பற்றியது. நெடுங்காலம் இரண்டு வகைகளை மட்டுமே நம்பினோம்: பைரித்ராய்டும், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டும். 2015இல் மினசோட்டாவில் பைரித்ராய்டு தெளித்த வயல்களில் அசுவினி சாகவில்லை என்ற புகார்கள் வந்தன. ஆய்வகச் சோதனையில் எதிர்ப்புத்திறன் உறுதியானது. பிறகு அயோவாவிலும் டகோட்டாக்களிலும் கனடாவின் மானிட்டோபாவிலும் அதையே கண்டார்கள். கோடை முழுவதும் ஆணின்றிப் பெண்ணே தன்னைப் போன்ற பெண்களை ஈனும் பூச்சியில், மருந்துக்குத் தப்பிய ஒன்று அதே திறனுள்ள ஒரு பட்டாளத்தை ஒரு மாதத்தில் உருவாக்கிவிடும் என்பதை யோசித்தால் இதில் வியப்பில்லை. குளோர்பைரிபாஸோ நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் இடையே அலைந்தது: உணவுப் பயிர்களில் அதற்கான அனுமதி 2022 பிப்ரவரியோடு நின்றது, 2023 நவம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிறுத்தத்தை ரத்து செய்தது. நரம்பைப் பாதிக்கும் அந்த மருந்து திரும்பி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. அஃபிடோபைரோபென், சல்ஃபாக்ஸாஃப்ளோர் போன்ற, சாறு உறிஞ்சும் பூச்சிகளை முதன்மையாகக் குறிவைக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் குறிப்பாக முதலாவது மருந்து பொறிவண்டுகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது.

எதைத் தெளித்தாலும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். தெளித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உயிரோடு இருக்கும் அசுவினி பட்டை பட்டையாக, வண்டிச் சக்கரத்தின் தடத்துக்கு இணையாக இருந்தால் குறை நாசிலில், அதாவது தெளிப்பு முனையில். கீழிலைகளில் மட்டும் உயிரோடு இருந்தால் தெளித்த தண்ணீரின் அளவு போதவில்லை, அடர்ந்த இலைக்குள் மருந்து இறங்கவில்லை. நாசில் சரி, அளவு சரி, காற்றும் அடங்கியிருந்தது, இருந்தும் வயல் முழுவதும் மேலிலை கீழிலை என்ற வேறுபாடு இன்றித் தப்பிய அசுவினி இருக்கிறது என்றால் எதிர்ப்புத்திறனைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது அதே வகை மருந்தைக் கூடுதல் அளவில் மறுபடி தெளிப்பது மிக மோசமான முடிவு; வேறு வகைக்கு மாற வேண்டும், மாவட்ட விரிவாக்க அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

அசுவினியைத் தாங்கும் ரகங்களும் வந்தன. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தினர் டவ்லிங் என்னும் பழைய ரகத்தில் ராக்1 என்ற மரபணுவைக் கண்டார்கள். 2010வாக்கில் அது விற்பனைக்கும் வந்தது. ஆனால் அதை மீறி வளரும் அசுவினி வகை அதற்கு முன்பே ஒஹையோவில் தென்பட்டுவிட்டது. ராக்1, ராக்2 இரண்டையும் சேர்த்த ரகங்கள் நன்றாகத் தாங்குகின்றன. இருந்தும் விதை நிறுவனங்களின் கவனம் களைக்கொல்லியைத் தாங்கும் ரகங்களின் பக்கமே இருப்பதால், விளைச்சலும் தாங்குதிறனும் ஒன்றாகக் கிடைக்கும் விதை அரிதாகவே இருக்கிறது. கரிம முறையில் பயிரிடுபவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள், மற்றவர்கள் கேட்பதுகூட இல்லை.

250 என்ற கணக்கு சோயா பூக்கத் தொடங்கும் நிலையிலிருந்து, மேல் கணுக்களில் உள்ள காய்களுக்குள் விதை உருவாகத் தொடங்கும் நிலை வரைக்கும்தான். விதை காயின் அறையை முழுதாக நிரப்பிவிட்ட பிறகு தெளித்தால் செலவு திரும்பி வருவதற்கு நம்பகமான சான்று இல்லை. அந்த நேரத்தில் அறுவடைக்கு முன் விட வேண்டிய காத்திருப்புக் காலமும் குறுக்கே வரும். லேபிளில் எழுதியிருக்கும் நாட்களை எண்ணிப் பார்க்காமல் ஆகஸ்ட் கடைசியில் மருந்து அடிப்பது சட்டப்படியும் தவறு. அந்தப் பருவத்தில் அசுவினியிலும் மாற்றம் தெரியும்: பகல் குறுகி, செடி முதிர முதிர, இறக்கையுள்ளவை கூடி, பக்தார்ன் புதர்களை நோக்கிக் கிளம்பத் தொடங்குகின்றன. மேல் கணுக்களின் காயைப் பிளந்து பார்க்கிறேன். பச்சை விதை அறை முழுவதும் நிறைந்திருந்தால், இலையில் எத்தனை அசுவினி இருந்தாலும் அந்த வயலை எண்ண வேண்டிய பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறேன்.